ஒரு நாளைக்கு 4,200: வீட்டுக்கு ஆள் அனுப்பும் சேவை பற்றி ஒரு கணக்கப்பிள்ளை

படுக்கையில் இருக்கிற அம்மாவைப் பார்க்க ஒரு கொம்பனியிலிருந்து 14 நாளைக்கு ஆள் எடுத்தேன். அந்தப் பில்லிலிருந்து தொடங்குகிறேன். பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் இருபத்தேழு வருஷம் கணக்கு எழுதினவன் நான். பில் கையில் இருந்தால்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கும்.

பதிவுக் கட்டணம் 7,500 இலங்கை ரூபாய். நாளுக்கு 4,200 வீதம் 14 நாளைக்கு 58,800. போக்குவரத்து 2,000. மொத்தம் 68,300. அதில் ஒரு நாள் காசைச் சண்டை பிடித்துக் கழித்தேன், அந்தக் கதை பிறகு. கட்டின காசு 64,100. சாப்பாடும் தேத்தண்ணியும் நம்முடைய பொறுப்பு, பில்லில் வராது.

கொம்பனியின் பெயரைப் போடவில்லை. கொழும்பில் இப்படி ஆள் அனுப்புகிற இடங்கள் நிறைய இருக்கின்றன. பழகினவர்களிடம் விசாரித்தால் எல்லாரும் அநேகமாக ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஒன்றை மட்டும் மாட்டிவிட எனக்கு மனமில்லை.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில், இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. அம்மாவுக்கு 79 வயது. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. பேச்சு பாதிதான் வரும், மிச்சத்தைக் கண்ணால் சொல்லுவா. சீனி வருத்தமும் உண்டு. நான் கலியாணம் கட்டாதவன். அக்கா மட்டக்களப்பில், தங்கச்சி லண்டனில். ஆகவே யார் பார்ப்பது என்று எங்கள் வீட்டில் கூட்டம் போட்டுப் பேச வேண்டி வரவில்லை. முதலாளியிடம் போய் லீவு கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் தனியார் வேலையில் உள்ளது வருஷத்துக்கு வருடாந்த லீவு 14 நாளும், சாதாரண லீவு 7 நாளும். பாரிசவாதம் 21 நாளில் எழும்பிப் போகிற விருந்தாளி இல்லையே. வேலையை விட்டேன்.

ஆம்பிளை ஒருவன் தாயைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறான் என்றதும் தெருவில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. "தம்பியை மாதிரி யார் இருக்கினம்" என்று கோயிலடியில் சொல்லுவார்கள். எதிர்வீட்டு அன்ரி ஒருவர் மாமியாரைப் பதினொரு வருஷம் பார்த்தவர். அவரை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இனிச் சேவைக்கு வருகிறேன். எனக்கு ஹேர்னியா. அம்மாவை அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தூக்கி வந்தது என்று டொக்டர் சொன்னார். ஒப்பரேஷன் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது. ஆறு கிழமைக்கு ஆள் வைக்கிற வசதி எனக்கு இல்லை. தங்கச்சி அனுப்பினது இரண்டு கிழமைக்குத்தான் வந்தது.

கொம்பனிக்கு ஃபோன் எடுத்தபோது நான் கேட்டது ஒன்றே ஒன்று: தமிழ் தெரிந்த ஆள். "கட்டாயம் சேர்" என்றார்கள். வந்தது குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண், தமிழில் ஒரு சொல் தெரியாது. அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. எண்பது வருஷத்துக்குக் கிட்டக் கொழும்பில் இருந்தும் பழகாமல் விட்டவ. நான் தையல் போட்ட வயிற்றோடு பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் மேல் குறை சொல்ல மாட்டேன், கை சுத்தம், முகத்தில் எரிச்சல் கிடையாது. மூன்றாம் நாள் காலை அவளுடைய மகனுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது, அழுதுகொண்டு போனாள். அந்த மூன்று நாளில் அம்மா ஒரு சொல் படித்துவிட்டா. தண்ணி என்று சொல்ல இரண்டு வருஷமாக நாக்குத் திரும்பாதவ, "வத்துர" என்று தெளிவாகச் சொல்லுவா. இன்றைக்கும் என்னிடம் அப்படித்தான் கேட்கிறா. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ்ஸிடம் காரணம் கேட்டேன். சிரித்துவிட்டு, வந்ததைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

அடுத்த ஆள் வர ஒரு முழு நாள் போனது. அந்த நாளுக்கும் பில்லில் 4,200 போட்டிருந்தார்கள். "சேர், பக்கேஜ் 14 நாள்" என்றார் மனேஜர். வராத சிமெந்து மூட்டைக்கு எங்கள் கடையில் யாராவது பில் போட்டால் என்ன நடக்கும் என்று அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். அன்றைக்குப் பின்னேரமே கழித்துத் திருத்தின பில் வாட்ஸ்அப்பில் வந்தது. நீங்களும் கேளுங்கள். கேட்காவிட்டால் கழிக்க மாட்டார்கள்.

இரண்டாவதாக வந்தவர் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த அக்கா, நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருக்காகத்தான் இதை எழுதவே தோன்றியது.

வந்த முதல் மணித்தியாலத்திலேயே, "அண்ணே, பழைய பெட்சீட் ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார். கொடுத்தேன். அதை நாலாக மடித்து, அம்மாவை இடப்பக்கம் சரித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் படுகிற மாதிரி முதுகுக்குக் கீழே சுருட்டி வைத்தார். பிறகு மறுபக்கம் சரித்து விரித்து இழுத்தார். இப்போது அம்மா அந்தத் துணிக்கு மேலே. துணியின் இரண்டு ஓரத்தையும் கைக்குள் சுருட்டிப் பிடித்து, ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, தன் உடம்பைப் பின்னால் சாய்த்தார். அம்மா வழுக்கிக்கொண்டு மேலே வந்தா, தலை சரியாகத் தலையணையில். தூக்கவே இல்லை. அம்மா முனகவும் இல்லை. நான் தூக்குகிறபோது ஒவ்வொரு தடவையும் முனகுவா. வருத்தத்தில் முனகுகிறா என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்திருந்தேன்.

சாப்பாட்டிலும் அப்படித்தான். நான் தலையை நிமிர்த்திப் பிடித்துக் கஞ்சி ஊட்டுவேன், இருமுவா. அக்கா தலையணையை உயர்த்தி இருத்தி, நாடியைக் கொஞ்சம் கீழே குனிய வைத்து, அரைக் கரண்டி கொடுத்து, விழுங்கி முடியும் வரைக்கும் காத்திருப்பார். அரை மணித்தியாலம் எடுக்கும், இருமல் இல்லை.

இதெல்லாம் ஐந்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுக்கிற விஷயம். அம்மாவை ஆஸ்பத்திரியால் துண்டு வெட்டி அனுப்பின அன்றைக்கு என் கையில் தந்தது மருந்துத் துண்டும் கிளினிக் திகதியும். ஐந்து நிமிஷம் யாராவது அந்தப் பெட்சீட் வித்தையைக் காட்டியிருந்தால் என் வயிறு கிழிந்திருக்காது. இந்த 64,100 ரூபாயும் மிச்சம். இலவசமாகப் பார்க்கிறவனுக்கு யார் பயிற்சி கொடுப்பார்கள்?

இரவு விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். பில்லில் "24 மணித்தியால சேவை" என்று இருக்கிறது. வருவது ஒரு ஆள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்ட வேண்டும் என்றும் அவர்களுடைய தாளிலேயே இருக்கிறது. அப்படியென்றால் அந்த ஒரு ஆள் எப்போது நித்திரை கொள்வது? அக்கா வந்த மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு எழும்பிப் பார்த்தேன். அக்கா பாயில் இருந்தபடியே சுவரில் சாய்ந்து நித்திரை, கையில் அம்மாவின் பழந்துணி. எழுப்பவில்லை. பாரம் தூக்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள், பெட்சீட்டை இழுப்பது தூக்குவது இல்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி அம்மாவைப் புரட்டினேன். காலையில் அக்கா ஏசினார். அன்றைக்குத்தான் சம்பளக் கதையும் வெளியே வந்தது. நான் கொடுக்கிற 4,200இல் அவர் கைக்குப் போவது 2,600. மீதி 1,600 கொம்பனிக்கு.

"ஈ.பி.எஃப். போடுறாங்களா?" என்று கேட்டேன், ஓய்வுகாலத்துக்கு முதலாளியும் சேர்ந்து கட்டுகிற ஊழியர் சேமலாப நிதிதான்.

"தோட்டத்துல இருந்தப்போ போட்டாங்க. இங்க எங்க அண்ணே." பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "ஒங்களுக்கு யாரு போடுறாங்க?"

நான் கணக்கு எழுதினவன் என்று அவருக்குத் தெரியும். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றால் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நிற்கிறவர், எத்தனை கிலோ கழிப்பார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றைக்கு இரவு கொப்பியை எடுத்தேன்.

கடைசியாக நான் வாங்கின சம்பளம் 62,000. ஊழியர் சேமலாப நிதிக்கு என்னிடமிருந்து 8 வீதம், முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு அவர் 3 வீதம். ஆக 23 வீதம், மாதம் 14,260. இருபத்தெட்டு மாதத்துக்கு 399,280 ரூபாய், வட்டி சேர்க்காமல். சம்பளம் போனது போகட்டும், அது கண்ணுக்குத் தெரிந்த நட்டம். இந்த நாலு லட்சம் சத்தமில்லாமல் போயிருக்கிறது. ஆம்பிளைக்கு ஈ.பி.எஃப். எடுக்கிற வயது 55. எனக்கு 53. நான் படுக்கையில் விழுகிற காலத்தில் 4,200 கட்டி ஆள் பிடிக்க வைத்திருந்திருக்க வேண்டிய காசு அதுதான்.

அடுத்த பக்கத்தில் அம்மாவின் வரவு. அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தில் குறைந்த வருமானக் குடும்பத்து முதியவருக்குக் கிடைப்பது மாதம் 5,000. 2025இல் 3,000த்திலிருந்து கூட்டினார்கள், அதற்கு நன்றி. நாளுக்குப் பிரித்தால் 166 ரூபாய். கொம்பனிக் கணக்கில் 4,200ஐ 24ஆல் பிரித்தால் ஒரு மணித்தியாலம் 175. அதாவது அரசாங்கம் அம்மாவுக்குத் தருகிற ஒரு நாள் காசுக்குச் சந்தையில் ஒரு மணித்தியாலம் கூட வாங்க முடியாது. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு 10,000, அதை எடுத்தாலும் இரண்டு மணித்தியாலம் வராது. இந்த இரண்டும் நோயாளியின் பேரில் வருகிற காசு. பம்பர்ஸுக்கும் சீனி பார்க்கிற பட்டிக்குமே போய்விடும். பார்க்கிற ஆளுக்கு என்று அந்தக் கணக்கில் ஒரு நிரல் கிடையாது.

கொம்பனி பில்லோடு தந்த கடமைத் தாளை எடுத்துப் பார்த்தேன். உடம்பு துடைத்தல், பம்பர்ஸ் மாற்றல், மருந்து கொடுத்தல், புரட்டுதல், சாப்பாடு ஊட்டல், பிரஷர் பார்த்துக் குறித்தல் என்று ஒன்பது வரி. இருபத்தெட்டு மாதமாக நான் செய்கிறவற்றை வரிசையாக எழுதி விலை போட்ட முதல் தாள் அதுதான். தாளின் அடியில் "உள்ளடங்காதவை" என்று ஒரு பகுதி: மற்றவர்களுக்குச் சமைத்தல், மற்றவர்களின் உடுப்புத் தோய்த்தல், மருந்து வாங்க வெளியே போதல். அவற்றை நான் செய்கிறேன் என்று யாருக்கும் பில் போட்டால் 4,200உம் காணாது.

தங்கச்சியிடம் இதைச் சொன்னபோது அவள், "நான் இங்க வாங்கிறன் அண்ணா" என்றாள். அவளுடைய கணவருக்குச் சிறுநீரகம் பழுது. பராமரிப்பவர் கொடுப்பனவு என்று இங்கிலாந்தில் ஒன்று இருக்கிறது. கிழமைக்கு 35 மணித்தியாலமாவது பார்க்க வேண்டும். 2025-26இல் அது கிழமைக்கு 83 பவுண் 30 பென்ஸ். நான் பொறாமைப்படத் தொடங்க முதலே அவள் மறித்தாள்: "35ஆல பிரிச்சுப் பாருங்கோ." பிரித்தேன். மணித்தியாலத்துக்கு 2 பவுண் 38. கடையில் காசாளராக மூன்று நாள் வேலை செய்கிறாள். அந்த வருஷக் கணக்கில் கிழமைக்கு 196 பவுணுக்கு மேல் உழைத்தால் அந்தக் கிழமைக் கொடுப்பனவு முழுதும் போய்விடும். ஒரு பவுண் கூடினாலும் முழுதும்தான். நத்தார் காலத்தில் முதலாளி கூடுதல் நேரம் கேட்டால் ஓடி ஒளிக்கிறாளாம். தெரியாமல் கூட உழைத்தவர்களிடம் வருஷக்கணக்கு நிலுவையைத் திருப்பிக் கேட்டு, அது பெரிய பிரச்சினையாகி, அரசாங்கமே சுயாதீன மீளாய்வு ஒன்று வைக்க வேண்டி வந்தது. ஆனாலும் ஒரு விஷயத்தில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அந்தக் கொடுப்பனவு வாங்குகிற காலத்துக்கு அவளுடைய அரச ஓய்வூதியக் கணக்கில் வரவு விழுகிறது. பார்த்த வருஷம் வெற்று வருஷமாகப் போகவில்லை.

அதுவும் சும்மா வந்தது இல்லை. மேரி வெப்ஸ்டர் என்று ஒரு பெண், கிறிஸ்தவப் போதகர், பெற்றோரைப் பார்க்க வேலையை விட்டவர். என்னைப் போல மணமாகாதவர். 1963இல் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். நானும் அப்படித்தான் என்று கடிதங்கள் வந்து குவிய, 1965இல் ஒரு சங்கமே உருவானது. கொடுப்பனவு வந்தது 1976இல். வந்தபோதும் மணமான பெண்களுக்குக் கிடையாது, அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்ற எண்ணம். ஜாக்கி டிரேக் என்ற பெண் தாயைப் பார்த்தவர், ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் வழக்குக் கொண்டுபோனார். 1986இல்தான் அந்தக் கதவு திறந்தது. எங்கள் எதிர்வீட்டு அன்ரிக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அப்ப எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் கிடக்கு" என்றுவிட்டு அரிசி புடைக்கப் போனார்.

கேரளத்தில் கூட ஆஸ்வாசகிரணம் என்ற பெயரில் படுக்கை நோயாளியைப் பார்க்கிறவருக்கு மாதம் 600 இந்திய ரூபாய் உண்டு. சின்னக் காசு. ஆனால் பார்க்கிறவர் பேரில் வருகிறது.

நாங்களும் அரசாங்கத்துக்கு ஒரு பெட்டிசம் எழுதியிருக்கிறோம். நானும் எதிர்வீட்டு அன்ரியும், மூளை வளர்ச்சி குன்றிய மகனை இருபது வருஷமாகப் பார்க்கிற ஒரு தாயும், மனைவியைப் பார்க்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரும். பெட்டிசம் என்றதும் எங்கள் தெருவில், யார் மேலே என்றுதான் கேட்டார்கள். யார் மேலேயும் இல்லை என்று விளங்கப்படுத்தவே ஒரு கிழமை போனது. சிங்களப் பிரதியை ஃபார்மசிப் பொடியன் எழுதித் தந்தான். கேட்டிருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. 2026 ஜனவரியிலிருந்து சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000. அதில் பாதியை, 15,000ஐ, முழுநேரம் பார்க்கிறவர் பேரில் தர வேண்டும். பார்க்கிற காலத்துக்கு முதலாளியின் 12 வீதத்தை அரசாங்கம் சேமலாப நிதியில் கட்ட வேண்டும். வருஷத்தில் 14 நாள் பதில் ஆள் தர வேண்டும், சம்பள வேலை செய்கிறவனுக்கு லீவு இருக்கிற மாதிரி. வாத்தியார் ஆஸ்பத்திரியில் பயிற்சி என்பதையும் சேர்த்தார், என் பெட்சீட் கதையைக் கேட்டுவிட்டு. காசு எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் கணக்கு எழுதினவன். நாங்கள் பார்க்காமல் விட்டால் இத்தனை பேரையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துப் பார்க்க எவ்வளவு போகும் என்ற கணக்கையும் யாராவது போட்டுக் காட்டட்டும். வழமையாக நவம்பரில் வரவு செலவுத் திட்டம் வரும், அதற்கு முன் கொடுத்துவிட வேண்டும். மனுவின் கடைசித் தாளாக அந்த 64,100 ரூபாய்ப் பில்லின் பிரதியைக் குத்தியிருக்கிறேன்.

சேவைக்குப் புள்ளி கேட்டால், அக்காவுக்குப் பத்துக்குப் பத்து. கொம்பனிக்கு நாலு. ஆள் எடுக்கிறவர்கள் மொழியைத் தாளில் எழுதி வாங்குங்கள், வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். ஆள் மாறுகிற நாளுக்குக் காசு இல்லை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பதிவுக் கட்டணம் திரும்பி வராது. ஆளுக்கு இரவில் நாலு மணித்தியாலமாவது தொடர்ந்து நித்திரை கொடுங்கள், அது உங்கள் ஆளுக்கும் நல்லது. வந்த ஆளிடம் வேலை வாங்குவதோடு விடாமல் வேலையையும் படித்துக்கொள்ளுங்கள்.

அக்கா போய் ஒரு கிழமைக்குப் பிறகு மனேஜர் ஃபோன் எடுத்தார். சேவை எப்படி என்று கேட்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். "சேர், நீங்க அம்மாவை நல்லாப் பாக்கிறீங்க என்று எங்கட ஆள் சொன்னா. ஆம்பிளை ஆக்கள் எங்களுக்குச் சரியான தட்டுப்பாடு. தெகிவளையில ஒரு ஐயா இருக்கிறார், படுக்கை. ஒரு நாளைக்கு 2,800 தரலாம்."

"அப்ப அம்மாவை யார் பாக்கிறது?"

"அதுக்கு நாங்க ஒரு ஆள் அனுப்புறம் சேர். பழைய கஸ்டமர் தானே, பதிவுக் கட்டணம் வேண்டாம்."

"4,200தானே?"

"ஓம் சேர், அதே விலை."

ஒரு நாளைக்கு 1,400 நட்டம் என்று சொன்னேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவரும் கணக்குப் பார்க்கிறார் போல. உள்ளே அம்மா "வத்துர, வத்துர" என்று கூப்பிட்டா. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டுப் போனேன்.